மாற்றுத்திறனாளரும் உழைப்பின் ஊதியமும்

உழைத்தார் தம் உழைப்பின் பயனை நுகர்தல் வேண்டும் என்பது எந்நாட்டு அறநூலாரும் உடன்படும் கொள்கையாகும். உழவர் விளைத்த நெல் அவர்தம் குதிரை நிறைத்தலும், தச்சர் இழைத்த பலகைக்கு அவர் விலை பெறுதலும் முறையென யாவரும் அறிவர். ஆயின், உழைப்பவர் கண்ணொளி குன்றியவராகவோ, கைகால் முடங்கியவராகவோ, அறிவுவளர்ச்சியிற் பின்தங்கியவராகவோ இருப்பின், அவர் உழைப்புக்கு எவ்வளவு கூலி தருதல் நேர்மையாகும்? பிறர் பெறும் கூலியையே தருவதா? அன்றி, அவர் செய்து முடித்த அளவு நோக்கிக் குறைத்துத் தருவதா? வேலையில்லாத பொழுதுகளில் அவர்தம் பகற்காலம் எங்ஙனம் கழிதல் வேண்டும்? அதற்குரிய பொருட்செலவை ஏற்பார் யாவர்? இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக விடை தேடி வருகின்றனர். அவர்கள் கண்ட விடைகளையும், அவை காலந்தோறும் மாறியவாற்றையும் ஈண்டு நாம் சுருங்க ஆராய்வோம்.

ஆராயப் புகுமுன் ஒன்று கூறுதல் வேண்டும். பண்டு அங்கவீனர் என்றும் ஊனமுற்றோர் என்றும் குறிக்கப்பெற்ற மக்களை இக்காலத்தார் மாற்றுத்திறனாளர் என வழங்குகின்றனர். பெயர் மாறியது நன்றே. பெயரோடு நிலையும் மாறியதா என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

காப்புத் தொழிற்கூடங்களின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாட்டில் பார்வையற்றோர்க்கெனக் கல்விச்சாலைகள் தோன்றின. பாஸ்டன் நகரில் சாமுவேல் கிரிட்லி ஹவ் என்பார் தலைமையில் நடைபெற்ற பெர்க்கின்ஸ் பள்ளி அவற்றுள் புகழ்பெற்றது. ஆங்குக் கற்றுத் தேர்ந்த மாணவர்கள் வெளியே சென்றபொழுது, அவர்க்கு வேலை தருவார் அரியராயினர். எனவே, அவர்கள் அமர்ந்து தொழில்செய்தற்கெனப் பள்ளியைச் சார்ந்தே ஒரு தொழிற்பகுதி அமைக்கப்பெற்றது. துடைப்பம் கட்டுதல், மெத்தை தைத்தல், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல் முதலியன இத்தகைய கூடங்களில் வழங்கிய தொழில்கள். காலப்போக்கில் பிற குறையுடையார்க்கும் இத்தகைய கூடங்கள் நாடெங்கும் எழுந்தன. வெளியுலகின் போட்டியினின்று காக்கப்பெற்ற இடமாதலின், இவற்றைக் காப்புத் தொழிற்கூடங்கள் என்று நாம் குறிப்போம்.

இவற்றைத் தோற்றுவித்தாருடைய நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. இரந்துண்ணும் வாழ்வினும் உழைத்துண்ணும் வாழ்வு மேலானது என்பதே அவர்தம் கருத்து. ஆயினும், நன்னோக்கத்தோடு நட்ட மரம் எல்லாம் நற்கனி தருவதில்லை. இக்கூடங்கள் ஊரினின்று ஒதுங்கிய ஒரு தனியுலகாயின. அவ்வுலகிற்கென்று ஒரு தனிக் கூலிமுறையும் பின்னர்ச் சட்டத்தால் அமைந்தது.

1938-ஆம் ஆண்டுச் சட்டம்

1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் நேர்மையான தொழில்நெறிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஒரு மணி நேர வேலைக்கு 25 சென்டுக்குக் குறையாமற் கூலி தரல்வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆயின், அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு விலக்கையும் உடன்கொண்டிருந்தது. முதுமையாலோ, உடற்குறை அல்லது மனக்குறையாலோ, காயத்தாலோ பொருளீட்டும் ஆற்றல் குன்றியோர்க்கு, அரசாங்கத்தின் சான்றிதழ் பெற்ற முதலாளிகள் அவ்வெல்லைக்குக் குறைந்த கூலி தரலாம் என்பதே அவ்விலக்கு. அதே 1938-இல் இயற்றப்பெற்ற வாக்னர்–ஓடே சட்டம், பார்வையற்றோர் செய்த பொருள்களைக் கூட்டரசு விலைகொடுத்து வாங்குதற்கு வகைசெய்தது. 1971-இல் இச்சலுகை வேறு கடுங்குறையுடையார்க்கும் விரிக்கப்பெற்றது. இங்ஙனம், காப்புத் தொழிற்கூடங்கட்குக் குறைந்த கூலியும் நிலையான சந்தையும் ஒருங்கே வாய்த்தன.

1966-ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறைக்கூலிக்கும் ஓர் அடித்தளம் இட்டது. பொதுக் குறைந்தபட்சக் கூலியிற் பாதிக்குக் கீழ் தருதலாகாது என்று விதித்தது. ஆனால், உற்பத்தித்திறன் மிகக் குன்றியோர்க்கென அமைந்த கூடங்கட்கு அதனினின்றும் விலக்குண்டு. 1986-ஆம் ஆண்டுத் திருத்தமோ அவ்வடித்தளத்தையே பெயர்த்தெறிந்தது. அதன்பின் ஒரு மணி நேர உழைப்புக்குச் சில சென்டுகள் தரினும் அது சட்டத்துக்கு மாறானதன்று என்னும் நிலை ஏற்பட்டது.

கூலி அளக்கும் முறை

இக்குறைக்கூலி எங்ஙனம் கணிக்கப்படுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கூடத்தில் துவாலை மடிக்கும் வேலை நடைபெறுகின்றதெனக் கொள்வோம். முதற்கண், அவ்வட்டாரத்தில் அவ்வேலைக்குக் குறையற்ற தொழிலாளர் பெறும் கூலி இவ்வளவென்று முதலாளி விசாரித்தறிதல் வேண்டும். அது மணிக்கு 12 டாலர் என்க. அடுத்து, குறையற்ற தேர்ந்த தொழிலாளர் ஒருவர் மணிக்கு எத்தனை துவாலை மடிப்பார் என்று கடிகாரத்தைக் கையிற்கொண்டு அளத்தல் வேண்டும். அது 60 என்க. பின்னர், மாற்றுத்திறனாளர் ஒருவர் மடிப்பதை அவ்வாறே அளக்கின்றனர். அவர் 15 மடித்தால், அவரது ஆற்றல் நான்கில் ஒரு பங்கு. எனவே, அவர்க்குரிய கூலி மணிக்கு 3 டாலர். மணிக்கூலி பெறுவோரின் ஆற்றலை ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் மீளவும் அளத்தல் வேண்டும் என்பது விதி.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இக்கணக்கு நடுநிலை பிறழாத துலாக்கோல்போலத் தோன்றும். சற்று ஊன்றி நோக்கின் அதன் கோணல் புலப்படும். அளப்பவர் யார்? கூலி கொடுக்கும் முதலாளியே. எந்த வேலையில் அளக்கின்றார்? கூடத்திற்குக் கிடைத்த வேலையில். அவ்வுழைப்பாளியின் திறத்துக்கு ஏற்ற வேலையில் அன்று. துவாலை மடித்தலில் விரைவில்லாத ஒருவர் நூல்நிலையத்தில் ஏடு அடுக்குதலில் வல்லவராயிருத்தல் கூடும். மேசையின் உயரம் பொருந்தாமையாலும், கருவி பழுதுற்றமையாலும் நேர்ந்த தாழ்வும் அவருடைய ஆற்றற்குறையென்றே ஏட்டிற் பதியப்பெறும்.

இதனினும் பெரியதொரு முரண்பாடும் உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிற தொழிலாளரைக் கடிகாரங்கொண்டு அளப்பதில்லை. ஒரே கடையில் விரைந்து பணிசெய்வாரும் உளர். மெல்லச் செய்வாரும் உளர். விரைவு மிக்கார்க்கு முதலாளி கூடுதலாகத் தரலாம். ஆயின் எவர்க்கும் அடியெல்லைக்குக் கீழ் தருதல் இயலாது. மக்கட்பிறப்பின் மதிப்பை முன்னிட்டு இடப்பெற்ற எல்லை அது. அவ்வெல்லை எவர்க்கு மிகவும் வேண்டற்பாலதோ அவர்க்கே அது மறுக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

கூட்டரசின் பொதுக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். கூட்டரசுக் கணக்காய்வு அலுவலகம் 2001-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளர் குறைக்கூலி பெற்றுவந்தனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றது மணிக்கு 2.50 டாலரினும் குறைவு. 2019-ஆம் ஆண்டளவில் இத்தொகை ஏறத்தாழ 1,20,000 ஆகக் குறைந்திருந்தது.

பகற்பணி என்பது யாது?

இனி, இப்பொருளின் மறுபாதியைக் காண்போம். வளர்ந்த மாற்றுத்திறனாளர்க்குப் பகற்காலத்தில் வழங்கப்பெறும் பயிற்சி, துணை, பராமரிப்பு ஆகியவற்றைப் பகற்பணி என்பர். 1965-இல் தோன்றிய மெடிக்கெய்டு என்னும் மருத்துவ உதவித் திட்டமே இதற்குரிய பெரும்பொருளைத் தருகின்றது. அதன் செலவைக் கூட்டரசும் மாகாண அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. முதலில் அத்திட்டம் பெரும்பாலும் விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்தோர்க்கே பயன்பட்டது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டிலும் ஊரகத்திலும் வாழ்வோர்க்கும் அப்பொருளைச் செலவிட மாகாணங்கட்கு இசைவு தந்தது. அதனால் பலர் பெருவிடுதிகளின் மதில்களைக் கடந்து வெளிவந்தனர்.

வெளிவந்தோர் பகலில் எங்கே சென்றனர்? பெரும்பாலோர் காப்புத் தொழிற்கூடத்திற்கோ, பகற்பணி நிலையத்திற்கோ வண்டியில் ஏற்றிச் செல்லப்பெற்றனர். காலையில் வண்டி வரும். ஒரே கட்டடத்தில் ஒத்த குறையுடையார் பலர் ஒருங்கிருப்பர். மாலையில் வண்டி மீளும். ஊரிலிருந்தும் ஊராரொடு பழகாத வாழ்வு அது. இதற்குப் பணக்கணக்கும் ஒரு காரணம். ஒரு கூடத்தில் பலரைச் சில பணியாளர் கண்காணித்தல் எளிது; செலவும் குறைவு. ஒருவரை ஒரு கடையிலோ அலுவலகத்திலோ அமர்த்தி, அவர்க்கெனத் துணையொருவரை உடனனுப்புதல் அரிது. செலவும் தொடக்கத்தில் மிகுதி. மாகாண அரசு எவ்வகைப் பணிக்கு நல்ல விலை வகுக்கின்றதோ அவ்வகைப் பணியே அம்மாகாணத்தில் தழைக்கும். ஆகவே, அரசின் கொள்கை சட்டப் புத்தகத்தில் மட்டுமன்று, அதன் விலைப்பட்டியலிலும் எழுதப்பட்டிருக்கின்றது எனலாம்.

ஒரு கொடுமை

கண்காணிப்பற்ற குறைக்கூலி எத்துணைக் கேட்டை விளைக்கும் என்பதற்கு அயோவா மாகாணத்து அட்டலிசா என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது சான்றாகும். ஆங்கு அறிவுவளர்ச்சிக் குறையுடைய ஆடவர் பலர் ஒரு பழைய பள்ளிக்கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு, வான்கோழி இறைச்சிச் சாலையில் பல்லாண்டுகள் வேலைசெய்தனர். உணவுக்கும் உறையுளுக்கும் என்று பிடித்தம் செய்தபின் அவர் கையிற் சேர்ந்தது திங்களுக்கு 65 டாலர் மட்டுமே. அவர்கள் அடியும் வசையும் பொறுத்தனர் என்பதும் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2009-இல் அவ்விடம் மூடப்பெற்றது. 2013-இல் நடுவர் குழுவினர் அவருள் 32 பேர்க்கு 24 கோடி டாலர் இழப்பீடு விதித்தனர். ஆயின், சட்டம் வகுத்த உச்சவரம்பினால் அத்தொகை 16 இலட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. இச்செய்தியைப் படிப்பார் நெஞ்சம் நடுங்காதிராது.

திசைமாற்றம்

குறைக்கூலியின் அடித்தளம் பெயர்க்கப்பெற்ற அதே 1986-இல் மற்றொரு சட்டம் நேர்மாறான வழியொன்றைத் திறந்தது. மறுவாழ்வுச் சட்டத்தின் அவ்வாண்டுத் திருத்தம், துணையோடு கூடிய வேலை என்னும் முறைக்குப் பொருளுதவி அளித்தது. பழைய முறையினர், முதலிற் பயிற்சி, பின்னரே வேலை என்றனர். அப்பயிற்சியோ பலர்க்கு வாழ்நாள் முழுதும் முடிவுறாததாயிற்று. புதிய முறையினர், முதலில் வேலை, அவ்வேலையிடத்திலேயே பயிற்சி என்றனர். ஒருவரின் விருப்பையும் திறத்தையும் அறிந்து, அதற்கேற்ற பணியைத் தேடி, பணித்துணைவர் ஒருவரை உடனமர்த்திக் கற்பித்து, அவர் தேர்ச்சிபெறப்பெறத் துணையைக் குறைத்துக்கொண்டு வருதல் இம்முறையின் சாரமாகும். நீந்தக் கற்பார் நீரில் இறங்கியே கற்றல் வேண்டுமன்றோ!

1990-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டம் நிறைவேறியது. ஜார்ஜியா மாகாணத்து மருத்துவ விடுதியொன்றில், வெளியே வாழத் தகுதியுடையர் என்று மருத்துவர் கூறிய பின்னும், இரு மகளிர் தொடர்ந்து வைக்கப்பட்டிருந்தனர். அவர் தொடுத்த ஓல்ம்ஸ்டெட் வழக்கில், தக்க காரணமின்றி ஒருவரை விடுதியில் ஒதுக்கிவைத்தல் வேற்றுமை பாராட்டுதலேயாகும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. விடுதிக்குப் பொருந்தும் இந்நெறி, பகல் முழுதும் ஒதுக்கிவைக்கும் தொழிற்கூடத்திற்குப் பொருந்தாதோ என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

ரோட் ஐலண்டு மாகாணத்தில் அவ்வினாவிற்கு விடை கிடைத்தது. கூட்டரசின் நீதித்துறை ஆராய்ந்தபொழுது, ஆங்கு ஒரு தொழிற்கூடத்திற் பணிசெய்தோர் சராசரியாக மணிக்கு 1.57 டாலரே பெற்றனர் எனக் கண்டது. 2014-இல் மாகாணம் முழுதையும் தழுவிய இணக்கத் தீர்ப்பு ஒன்று ஏற்பட்டது. அதன் சிறப்பு யாதெனின், வேலையையும் பகற்பணியையும் அது பிரிக்காது நோக்கியதேயாம். பிறரோடு கலந்த இடத்தில், பொதுக் கூலியில், வாரத்திற்குச் சராசரி 20 மணி நேரம் வேலை. எஞ்சிய பொழுதுக்கு ஊராரோடு கலந்த பிற பணிகள். இரண்டும் சேர்ந்து 40 மணி நேரத்துக்குத் துணை என்று அது வகுத்தது. ஒரெகன் மாகாணத்தில் 2012-இல் தொடுக்கப்பெற்ற வழக்கும் 2015-இல் இணக்கமாக முடிந்தது. தொழிற்கூடங்களில் இருந்தோருள் 1,115 பேர்க்கு ஏழாண்டுகளில் பொதுவிடத்து வேலை தேடித்தர அம்மாகாணம் உடன்பட்டது.

வழக்கின்றியே முன்சென்ற மாகாணமும் உண்டு. வெர்மான்ட் மாகாணத்தினர் பல்கலைக்கழகத்தின் துணையோடு படிப்படியாகப் புதிய முறையை வளர்த்து, 2002-ஆம் ஆண்டளவில் தம் கடைசிக் காப்புத் தொழிற்கூடத்தையும் மூடினர். 2015-இல் நியூ ஹாம்ஷயர் மாகாணம் குறைக்கூலியைச் சட்டத்தால் தடுத்த முதல் மாகாணமாயிற்று. அலாஸ்கா 2018-இல் விதிமாற்றத்தால் அதனை ஒழித்தது. மேரிலாந்து 2016-இல் சட்டமியற்றி நான்காண்டு அவகாசமளித்து 2020-இல் நிறைவேற்றியது. கலிபோர்னியா 2021-இல் சட்டமியற்றி 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தை எல்லையாக வைத்தது. இன்னும் சில மாகாணங்களும் இவ்வழியே வந்தன.

கூட்டரசோ ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக நடந்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 24 வயதுக்குட்பட்ட இளைஞரை முதலிற் பொதுவேலைக்குரிய பயிற்சியும் துணையும் தந்து பாராமற் குறைக்கூலியில் அமர்த்தலாகாது என்று தடுத்தது. குறைக்கூலிச் சான்றிதழ்களைப் படிப்படியாக நிறுத்துதற்குத் தொழில்துறை 2024 டிசம்பரில் ஒரு விதியை முன்மொழிந்தது. ஆயின், 2025-இல் அதனைத் தானே மீட்டுக்கொண்டது. எனவே, 1938-இன் விலக்கு கூட்டரசுச் சட்டத்தினின்று நீங்கவில்லை. நீக்கும் பொறுப்பு மாகாணங்களிடமே நின்றது.

மறுப்பாரின் உரை

குறைக்கூலியை ஒழிக்கலாகாது என்பாரும் உளர். அவருட் பலர் முதலாளிகள் அல்லர், பெற்றோர். அவர்தம் உரையை நாம் புறக்கணித்தல் அறமாகாது. “எம் மகன் முப்பது ஆண்டுகளாக அக்கூடத்திற்குச் செல்கின்றான். ஆங்கு அவனுக்குத் தோழர் உண்டு. தனக்கென ஒரு நாற்காலி உண்டு. வாரந்தோறும் கையில் ஒரு சம்பளச்சீட்டும் உண்டு. கூடத்தை மூடினால் எந்தக் கடைக்காரர் அவனை ஏற்பார்? அவன் வீட்டில் வறிதே அமர்ந்திருப்பானாயின், நாங்கள் வேலைக்குச் செல்வது எங்ஙனம்? எங்கட்குப் பின் அவன் கதி யாது?” என்பது அவர் வினா. இவ்வச்சம் வெற்றச்சமன்று. கூடங்களை மூடுதற்குக் காட்டிய விரைவை மாற்றுவழி அமைத்தற்குக் காட்டாவிடின், கூலி உயர்ந்தவர் சிலராகவும், வேலையும் தோழமையும் இழந்தவர் பலராகவும் முடிதல் கூடும். வாரத்திற்குச் சில மணி நேர வேலையே கிடைத்து, எஞ்சிய நாள்களைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கழிப்பது முன்னேற்றம் ஆகாது.

இன்னொரு தடையும் உண்டு. வறிய மாற்றுத்திறனாளர்க்குக் கூட்டரசு தரும் உதவித்தொகையானது அவர் ஊதியம் ஏற ஏறக் குறையும். திங்களுக்கு 65 டாலருக்கு மேற்பட்டு ஈட்டும் ஒவ்வோர் இரண்டு டாலருக்கும் உதவித்தொகையில் ஒரு டாலர் கழிக்கப்படும். தனியொருவர் சேமித்து வைக்கக்கூடிய பொருளின் வரம்பு 1989-இல் 2,000 டாலர் என நின்றது. பின்னர்ப் பல்லாண்டுகளாக உயர்த்தப்பெறவில்லை. இதனால், மிகுதியாக ஈட்டினால் மருத்துவ உதவியும் போய்விடுமோ என்று அஞ்சி வேலையைக் குறைத்துக்கொள்வாரும் உளர். அவ்வச்சத்தை நீக்கச் சில விதிகள் உள்ளன. ஆயின், அவற்றை எடுத்துச் சொல்வார் அருகியே காணப்படுகின்றனர்.

நாம் தெளிவன

இரு திறத்தார் உரையையும் சீர்தூக்கின் நமக்குப் புலனாவது இது. பெற்றோர் காக்க விழைவன மூன்று: மகனுடைய தோழமை, அவனது பகற்பொழுது, பெற்றோரின் மன அமைதி. இம்மூன்றனுள் ஒன்றேனும் குறைந்த கூலியாற் கிடைப்பதன்று, பகற்பணியாற் கிடைப்பது. ஆகவே, குறைக்கூலியை ஒழித்தலும் பகற்பணியைச் செழிக்கச் செய்தலும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல; வண்டியின் இரு சக்கரங்கள் போல்வன. ஒன்றை மட்டும் உருட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும்.

எனவே, ஓர் அரசு இத்துறையில் வெற்றிபெற விரும்பின், பின்வருவனவற்றை ஒருங்கே செய்தல் வேண்டும் என்று நாம் கருதுகின்றோம். முதலாவது, பள்ளிப்பருவத்திலேயே உண்மையான வேலையிடங்களை மாணவர்க்குக் காட்டுதல். இரண்டாவது, ஒருவர்க்கு ஒருவர் துணைநிற்கும் பணிக்குத் தக்க விலை வகுத்தல். மூன்றாவது, அத்துணைவர்க்கும் வாழத்தக்க ஊதியம் தருதல். அவர் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருப்பின் கற்பித்தல் தடைப்படும். நான்காவது, ஊர்திவசதி செய்தல். சென்றுசேர இயலாத வேலை கிடைத்தும் பயனில்லை. ஐந்தாவது, உழைப்பவர் உதவியிழந்து வருந்தாதபடி உதவித்தொகை விதிகளைத் திருத்துதல். ஆறாவதும் தலையாயதுமாவது, அம்மாற்றுத்திறனாளரையே கேட்டறிந்து நடத்தல். மேரிலாந்துச் சட்டம் கென் கபோன் என்னும் மாற்றுத்திறனாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருத்தல் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

இது கடல்கடந்த நாட்டின் கதையென்று நாம் வாளாவிருத்தற்கில்லை. நம் நாட்டில் 1948-இல் இயற்றப்பெற்ற குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், குறையுடைய தொழிலாளரின் கூலிக்கு அச்சட்டத்தினின்று விலக்களிக்க அரசுக்கு இடந்தந்தது. பத்தாண்டு முன்பின்னாக இரு நாட்டுச் சட்டங்களிலும் ஒரே எண்ணம் இடம்பெற்றமையை நோக்கின், குறை நாட்டினதன்று, மக்கள் மனத்தினது என்பது விளங்கும். வள்ளுவனாரோ, ஆள்வினையுடைமையை உரைக்கும் இடத்து, உறுப்பின் குறையை ஒருவர்க்கும் பழியாகக் கொண்டாரில்லை; முயற்சியின்மையையே பழியென்றார். அங்ஙனமாயின், முயன்று உழைப்பாரின் கூலியை உறுப்பின் குறை காட்டிக் குறைத்தல் எவ்வாறு பொருந்தும்?

துலாக்கோலின் ஒரு தட்டில் ஒருவர் மடித்த துவாலைகளை வைத்து எண்ணுதல் எளிது. காலையில் எழுந்து, உடையணிந்து, வண்டியேறி வந்து, தன்னால் இயன்றதனைத்தும் செய்து மீளும் ஒருவரின் முழுநாளை நிறுத்தற்கு வேறொரு கோல் வேண்டும். அக்கோலைக் கையிலெடுத்த மாகாணங்கள் சில, எடாதன பல. கற்றறிந்து நாளை அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பிறர்க்குக் கூலி வகுக்கும் இடத்தில் அமரவிருக்கும் நம்போல்வார், எந்தக் கோலைக் கைக்கொள்வது என்று இன்றே துணிந்துகொள்ளுதல் நலம்.